ஓட்டாங்கொல்லை



நம்ம ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் "மலை எங்கே சார்?" என்று கேட்பார்கள். பெயரில் மலை இருக்கிறதே! தேவாரம் பாடிய மூவருக்கும் இது திருமுதுகுன்றம். 'முது' விருத்தமாகி, 'குன்றம்' அசலமாகி, விருத்தாசலம் என்று நிலைத்துவிட்டது. கோயிலுக்குள் சுவாமி மட்டும் இன்றும் பழமலைநாதர்.

பெரிய ஊர், பாட்டில் இருந்தது, அதனால் பழைய பெயர் பிழைத்தது. ரா.பி. சேதுப்பிள்ளை 'தமிழகம் ஊரும் பேரும்' என்று புத்தகமே எழுதினார். 2020-இல் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்து, சில நாளில் திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். ஊருக்கு இவ்வளவு பேர் கவலைப்படுகிறார்கள். கொல்லைக்கும் குட்டைக்கும் யார் இருக்கிறார்கள்?

முப்பது வருடம் முன்பு ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் ஊர் கொல்லை, ஓடை, மேடு எல்லாவற்றின் பெயரையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். 'ஏத்தக்கெணத்துக் கொல்ல' என்று ஒரு பெண் எழுதினாள். ஏற்றமும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது, பெயர் மட்டும் இருந்தது. ஒரு பையன் 'ஓட்டாங்கொல்லை' என்று எழுதியிருந்தான். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று சிவப்பு மையால் அடித்து, 'தோட்டக்கொல்லை' என்று திருத்தினேன். "எங்க ஆயா அப்டித்தான் சார் சொல்லுச்சு" என்றான். எதிர்த்துப் பேசாதே என்று உட்கார வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு துக்கத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். உழுது போட்ட கொல்லை வழியாகக் குறுக்கே நடந்தோம். முதல்நாள் மழை. மண் கழுவி, கால் வைத்த இடமெல்லாம் ஓட்டாஞ்சில்லு! கருப்பு, சிவப்பு, பானை விளிம்பு ஒன்று. "இது என்ன இடம்?" என்றேன். "ஓட்டாங்கொல்லைங்க" என்றார் கூட வந்தவர்.

பீங்கான் ஊரிலேயே காலம் கழித்தவன் நான். அந்தப் பெயருக்குள் இருந்த ஓடு என் காதில் விழவில்லை.

அந்த நோட்டுகளும் இப்போது இல்லை. பள்ளியில் அலமாரியைக் காலி செய்தபோது நானே கட்டி எடைக்குப் போட்டேன். பத்திரத்தில் புல எண் மட்டும்தான் இருக்கும். அந்தக் கொல்லையில் போன வருடம் மனைக்கல் நட்டு, 'நகர்' என்று முடியும் பலகை வைத்துவிட்டார்கள்.

அயர்லாந்தில் 1830களில் நில அளவைத் துறைக்காக ஜான் ஓடனவன் என்பவர் ஊர் ஊராகப் போய், அங்கத்திய மக்கள் பெயர்களை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம், கையில் செல்போன் இருக்கிறது. வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். எந்தக் கொல்லை, எந்தப் பக்கம், ஏன் அந்தப் பெயர் என்று கீழே எழுதுங்கள். 'கெணறு' என்றால் 'கெணறு' என்றே எழுதுங்கள். நான் திருத்த மாட்டேன்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: உங்க ஆயா சொன்னதுதான் சரி தம்பி. அந்த ஊரில் வேறு என்னென்ன பெயர் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா?