கொம்பும் துணைக்காலும்

நான் வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்றதும் என் பாட்டி, "என்னடா, சட்டை தைக்கவா நாலு வருசம்?" என்று கேட்டார். கைத்தொலைபேசிச் செயலி, சிறுவர் நூலுக்குப் படம், கண்காட்சித் திட்டம் என்று அடுக்கினேன். "ஒரு வேலையை உருப்படியாச் செய்யக் கூடாதா?" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வேலைகள் எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் வந்து நின்றது தமிழ் எழுத்துதான்.

முதலில் செய்தது, முதியோருக்கு மருந்து வேளையை நினைவூட்டும் செயலி. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைய வேண்டும். ஆங்கிலத்துக்கு வரைந்த பொத்தானில் சீனம் இரண்டே எழுத்தில் அமர்ந்துவிடும். நம் 'அமைப்புகள்' பொத்தானுக்கு வெளியே வந்து எட்டிப் பார்க்கும்! தமிழை மட்டும் சிறிய எழுத்தில் போட்டுவிடலாம் என்றார் குழுவில் ஒரு நண்பர். படிக்கப் போவதோ எழுபது வயதைத் தாண்டியவர்கள். காலையில் ஒன்று, இரவில் அரை என்பதைத் தவறாகப் படித்துவிட்டால்? பெட்டியை முதலில் தமிழுக்கு வரைவோம், மற்ற மூன்றும் தாமாக அடங்கும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 'கீ'யின் மேல்சுழிக்கும் 'சு'வின் கீழ்க்கோட்டுக்கும் வரி இடைவெளியைக் கூட்டினோம். அந்த இடைவெளியில் ஆங்கிலமும் படிக்க இன்னும் இதமாக இருந்தது.

சிறுவர் நூலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழ்க் கதை என்றாலே கிணறும் ஓலைக்குடிசையும் கேட்கிறார்கள். பூன் லேயில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்தது மின்தூக்கியும் உணவங்காடியும். நான் மின்தூக்கியை வரைந்தேன்.

என்னை அதிக நாள் உறங்கவிடாதது கண்காட்சித் திட்டம். தமிழ் எழுத்து கணினிக்குள் வந்த கதையில் சிங்கப்பூரின் பங்கு என்பது பொருள். எழுத்தாளர் நா. கோவிந்தசாமியை நம் தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரான அவர் 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் இணையத்தில் தமிழ்க் கவிதையை ஏற்றியவர்களில் முன்னோடி. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கும் முன்னின்று உழைத்தார். 1999இல் மறைந்தார். அவர் பணியாற்றிய கழகம் 2000இல்தான் புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங்கில் உள்ள நம் வளாகத்துக்கு வந்தது. நாம் நாள்தோறும் கடக்கும் அந்தக் கட்டடத்தை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு என்னவோ செய்தது. கைத்தொலைபேசியில் தமிழைக் கொண்டுவந்த, மலேசியாவின் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில்தான் வெளியீடு கண்டது. அதற்கும் ஒரு பலகை ஒதுக்கினேன்.

மாதிரிப் பலகை அச்சாகி வந்தது. 'கோவிந்தசாமி' என்பதில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது! கணினித் தமிழுக்கு உழைத்தவரின் பெயரே உடைந்து கிடந்தது. காரணம் எளியதுதான். யூனிகோடில் முதலில் ககரம், பிறகே உயிர்க்குறி பதிவாகும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. தமிழுக்கு ஏற்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் கோப்பைத் திறந்தால் அது நடக்காது.

அச்சகத்தில் இருந்த சீன அங்கிளிடம் காட்டினேன். "எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, தம்பி. எது சரி என்று எழுதிக் கொடு" என்றார். எகர ஏகார, ஐகார, ஒகர ஓகார, ஔகார வரிசைகளைச் சரி, தவறு என இரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். அதை இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். தமிழே தெரியாத அவர் காட்டிய அக்கறையைத் தமிழ் தெரிந்த சிலரிடம்கூட நான் கண்டதில்லை. "புரிந்தால் போதாதா?" என்பார்கள். ஆங்கிலப் பலகையில் எழுத்து இடம் மாறினால் அப்படிச் சொல்வார்களா?

அதன்பின் திட்டத்தில் ஒன்றைச் சேர்த்தேன். மரத்தில் வெட்டிய கொம்பையும் துணைக்காலையும் வருபவர்களே எடுத்து மெய்யெழுத்துக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் போன்ற ஓர் இடத்தை மனத்தில் வைத்துத்தான் வரைந்தேன். இதுவரை அது தாளில்தான் இருக்கிறது. மரத்துண்டுகளை மட்டும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அமீர் என்ற மலாய்ச் சிறுவன் தன் பெயரை அமைத்துத் தரச் சொன்னான். அதில் கொம்பே வரவில்லை. முகம் வாடிப்போய், தன் அக்காள் பெயரிலாவது ஒன்று வருமா என்று கேட்டான்.