மடியில் இடமுண்டு, வண்டியில் இல்லை

ஆனி பிறந்து மலைப்பக்கமிருந்து சாரல் தலைகாட்டிவிட்டால், தென்காசிக்காரன் வீட்டில் தங்குவான் என்று எதிர்பார்ப்பது வீண். வெளியூர் உறவினருக்கும் அந்த மாதங்களில்தான் நம் நினைவு வருகிறது. அதிலும் கார் இருக்கும் வீட்டுக்கு உறவு சற்று அதிகம். எங்கள் காரில் ஐந்து பேர் அமரலாமெனப் பதிவுச் சான்றிதழ் சொல்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த எண்ணைப் படித்துப் பார்த்தவன் நான் ஒருவனே!

சென்ற ஆடியில் ஐந்தருவிக்குப் புறப்பட்டபோது, என்னையும் அக்காளின் இரண்டு வயது மகளையும் சேர்த்து எட்டுப் பேர். மூன்று பேர் பஸ்ஸில் வரட்டும் என்றேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மருமவனே, அம்பாசிடர்ல பத்துப் பேரு போயிருக்கோம். இதுல எட்டுப் பேரு ஏறமாட்டோமா?"

2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த அம்பாசிடர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பத்துப் பேர் பத்திரமாய்த் திரும்பியது வண்டியின் பெருமையன்று. அன்று எதிரே எதுவும் வந்து மோதவில்லை, அவ்வளவுதான்.

மாமாவைவிடக் கடினமானவர் ஆச்சி. "பிள்ளைய மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிடுதேன். அதை எதுக்குல கூண்டுல அடைக்கிய?" என்று, அக்காள் வாங்கி வந்திருந்த குழந்தை இருக்கையைக் காட்டிக் கேட்டார். அன்போடு கேட்பவருக்குக் கணக்கால் பதில் சொல்வது சங்கடமான வேலை. ஆயினும் கணக்கு இதுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியிலிருந்து, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். வண்டி பத்தில் ஒரு விநாடியில் நின்றுபோனால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தாங்கும் வலு கைகளுக்கு வேண்டும். ஆச்சியால் தண்ணீர்க் குடத்தையே இப்போது தூக்க முடிவதில்லை. அதோடு, பெல்ட் போடாத ஆச்சியும் முன்னால் வீசப்படுவார். இடையில் நசுங்குவது குழந்தை.

பின்னிருக்கை பாதுகாப்பானது, அங்கே பெல்ட் எதற்கு என்று நினைப்போர் நம்மில் பலர். 2022 செப்டம்பர் 4ஆம் நாள், மகாராட்டிர மாநிலம் பால்கர் அருகே பாலச் சுவரில் மோதிய காரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த வண்டிதான். பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்த இருவரும் மாண்டனர். முன்னிருக்கையினர் இருவரும் காயங்களோடு பிழைத்தனர். பெல்ட் அணியாவிட்டாலும், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை உரிய பாதுகாப்பின்றி ஏற்றினாலும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அபராதத்துக்கு அஞ்சியேனும் போட்டால் சரி.

கடைசியில் அப்பாவே, "நாங்க மூணு பேரும் பஸ்ல வாறோம்" என்று மாமாவையும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டு நடந்துவிட்டார். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (மூன்றாம் நாள் ரயிலடிக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்.) நாங்கள் வண்டி நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் அவர்கள் அருவியில் குளித்தே முடித்திருந்தார்கள்.

அருவிக் குளியல் முடிந்து திரும்பும்போது வேறு தொல்லைகள். ஈரத்துணியோடு எல்லாரும் ஏறினால் கண்ணாடி உள்ளே வெண்மையாய்ப் படர்ந்து எதிர்வரும் வண்டி தெரியாது. ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த காலோடு பிரேக்கை மிதித்தால் வழுக்கும். ஓட்டுபவன் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். தண்ணீர்ப் பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போய்விட்டாலோ, மிதி இறங்கவே இறங்காது.

புனலூர்ச் சித்தி வீட்டுக்குப் போனால் இன்னொரு சோதனை: திரும்பும்போது பலாப்பழம், வாழைத்தார், தேங்காய் மூட்டை. மேலே கேரியரில் கட்டலாமென்று சித்தப்பா சொல்வார். உச்சியில் பாரம் ஏறினால் புளியரை எஸ் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். பின்பெட்டியில் கனமானதை அடியில், இருக்கையின் முதுகோடு ஒட்டி வைப்பேன். ஓட்டுநர் கதவோரத் தாளில் முழுப் பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு டயரில் காற்றடைப்பேன். பின்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யும். அதையும் பார்க்க வேண்டும். கோட்டைவாசல் தாண்டி இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பாரவண்டியில் அது சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும்.

போனமுறை பின்பெட்டி நிரம்பிவிட்டது. ஒரு பலாப்பழம் மட்டும் மிஞ்சியது. பின்கண்ணாடியோரப் பலகையில் வைக்கச் சொன்னார்கள். திடீரென்று நின்றால் அது யார் பிடரியில் வந்து இறங்கும் என்று கேட்டேன். பதிலில்லை. வாழைத்தாரைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் பழத்தை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

"பலாப்பழத்துக்கும் பெல்ட்டால?" என்றார் ஆச்சி, தம் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.