ஐந்தில் ஒன்று

"பேட்டரி செத்துப்போச்சுங்கண்ணா" என்று யாராவது மேசையில் பேட்டரியை மட்டும் வைத்தால், "மெஷினையும் சார்ஜரையும் எடுத்துட்டு வாங்க" என்பதுதான் என் முதல் பதில். கார்ட்லெஸ் டிரில்லில் மூன்றில் எது கெட்டாலும் பழி பேட்டரிமேல்தான் விழுகிறது. அதே பேட்டரி வேறு மெஷினில் நன்றாக ஓடினால் குறை மெஷினில். வேறு சார்ஜரில் ஏறினால் குறை சார்ஜரில். சிமென்ட் தூசி அடைத்த டெர்மினலை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்ததுமே ஓடிய பேட்டரிகள் ஏராளம். வேலை முடிந்த சூட்டோடு மாட்டினால் பல சார்ஜர்கள் ஆறும்வரை ஏற்றாமல் காத்திருக்கும். அப்போது சார்ஜர் விளக்கு மினுக்குவதைக் கண்டு பழுது என்று ஓடி வருகிறவர்களும் உண்டு.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகே ஸ்குரூவில் கை வைப்பேன்.

18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயன் செல்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். ஆம்பியர் கூடிய பேட்டரியில் இரண்டிரண்டாகப் பத்து. முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும். ஐந்தும் சேர்ந்தால் 21. சில கம்பெனிகள் 20 வோல்ட் மேக்ஸ் என்று அச்சிடுவதும் இதே ஐந்து செல்லைத்தான்.

அடிக்கடி வரும் புகார் ஒன்று: சார்ஜ் ஃபுல் காட்டுகிறது, இரண்டு ஓட்டை போட்டதும் மெஷின் நிற்கிறது. இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்தால் 19.6 வோல்ட், குறையே தெரியாது. திறந்து செல் செல்லாக அளந்தால் நான்கு செல்லில் 4.1, ஒன்றில் 3.2. கூட்டுத்தொகை அந்த ஒன்றை மறைத்துவிட்டது. ட்ரிக்கரை அழுத்தியதும் அதுதான் முதலில் 2.5 வோல்ட்டுக்கு இறங்கும். உள்ளிருக்கும் போர்டு மொத்த பேட்டரியையும் நிறுத்தும். ஏற்றும்போதோ மற்ற நான்கும் முதலில் நிரம்பிவிட, சார்ஜர் அதோடு நின்றுவிடும். செல்களைச் சமன்செய்யும் சர்க்யூட் இல்லாத பேட்டரிகளில் இந்த இடைவெளி தானாகக் குறையாது.

இதைப் பெரிதாக்குவது பெரும்பாலும் நம் கைப்பழக்கம். நிக்கல் காட்மியம் காலத்தில் பேட்டரியைச் சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்று என்று மூத்த மேஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். லித்தியத்துக்கு அந்தப் பாடம் ஆகாது. நின்ற மெஷினை 'இன்னும் ஒரே ஒரு ஸ்குரூ' என்று மறுபடி மறுபடி அழுத்தும்போது, இளைத்த செல்தான் மேலும் கீழே தள்ளப்படுகிறது. வேகம் தளர்ந்ததும் கழற்றி, ஆறவைத்து ஏற்றுங்கள். நாள்கணக்கில் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஃபுல் சார்ஜோடு கிடப்பதுபோல் கெடுதல் வேறில்லை.

ஏறவே ஏறாத பேட்டரிக்கு நல்ல பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துத் தட்டி எழுப்பும் வித்தை இப்போது பரவிவிட்டது. 2 வோல்ட்டுக்குக் கீழே போய் நாள்பட்ட செல்லை நான் எழுப்புவதில்லை. அந்த ஆழத்தில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும்; திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இன்று ஓடும், பிறகொரு நாள் சார்ஜரிலேயே தீப்பிடிக்கலாம்.

"அந்த ஒரு செல்லை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார்கள். தேய்ந்த நான்கோடு புதிது ஒன்று சேர்ந்தால் அளவு மறுபடி பிசகும். மாற்றினால் ஒரே லாட்டில் வந்த ஐந்தையும், நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங்கில். சால்டரிங் அயர்னின் நீடித்த சூடு செல்லுக்கு ஆகாது. கழித்த செல்லின் முனைகளில் டேப் ஒட்டி மறுசுழற்சிக்குத் தருவேன். குப்பை லாரியில் நசுங்கினால் அது நெருப்பு.

புது பேட்டரி வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: ஒவ்வொன்றிலும் பெயின்ட் மார்க்கரால் நம்பரும் வாங்கிய மாதமும் எழுதுங்கள். எழுதியவர் "மூணாம் நம்பர் மட்டும் சீக்கிரம் நிக்குது" என்று வருவார். பாதி வேலையை அவரே முடித்திருப்பார். எழுதாதவருக்கு எல்லா பேட்டரியும் ஒரே நாளில் போனதாகத்தான் தோன்றும்.