மரக்கட்டையா, பிளாஸ்டிக் கட்டையா?

நான் குமாஸ்தாவாக உட்கார்ந்த நாற்காலிகளில் ஆயுத லைசென்ஸ் செக்‌ஷனைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அன்றைய மதுரை மாவட்டம் இன்றையதைப் போலச் சின்னது அல்ல. 1985இல் பிரியும் வரை திண்டுக்கல்லும் கொடைக்கானலும் எங்களோடுதான் இருந்தன. தேனியும் கம்பமும் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தன. அதனால் மேலூர் விவசாயியின் ஒற்றைக்குழல் துப்பாக்கியும், மலைத் தோட்டக்காரர்களின் பெரிய ரைபிள்களும் ஒரே பதிவேட்டில் வரும்.

அந்தப் பதிவேட்டில் கம்பெனி பெயர், நம்பர், போர் எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. தோளில் சாய்க்கும் கட்டைக்கு மட்டும் கிடையாது. நம்பர் இரும்பில்தானே இருக்கிறது! மரம் எப்படிப் போனால் சர்க்காருக்கென்ன? ஆனால் சொந்தக்காரர்கள் துப்பாக்கியைக் காட்ட வரும்போது துணியால் துடைத்துக்கொண்டே இருப்பது அந்த மரத்தைத்தான்.

கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் .375 ரைபிள் இருந்தது. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் கொண்டுவந்த தோட்டா அது. காட்டுமாட்டையும் யானையையும் மனதில் வைத்துச் செய்தது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது. 1991 திருத்தம் அடியோடு முடித்தது. ரைபிள் மட்டும் லைசென்ஸ் புதுப்பித்து, புதுப்பித்து வாழ்ந்தது. பெரியவர் காலமான பிறகு அது மதுரை வீட்டுக்கு இறங்கி வந்தது.

2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருந்த இடத்தில் இனி இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மூத்த மகன் பெயரில் மூன்று இருந்தன: இந்த ரைபிள், ஒரு பன்னிரண்டு போர் டபுள் பாரல், ஒரு .22. எதை விடுவது? வீட்டில் சண்டையே வந்துவிட்டது. "வேட்டையே இல்லாத ஊரில் பெரிய ரைபிள் எதற்கு சார்? கட்டையும் பிடியில் கீறல் விட்டுவிட்டது" என்றார் மூத்தவர். பெங்களூரில் இருக்கும் தம்பியோ, "மரத்தைக் கழற்றிவிட்டு சிந்தெடிக் கட்டை போட்டு வைத்துக்கொள்வோம்" என்றார். தங்கைக்கு ரைபிளும் போகக்கூடாது, மரமும் போகக்கூடாது. "அப்பா கன்னம் பட்ட இடம் அது" என்று ஒரே பிடிவாதம். பழைய பழக்கத்தில் என்னிடம் யோசனை கேட்டார்கள்.

சிந்தெடிக் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்க ரெமிங்டன் கம்பெனி 1959லேயே நைலான் கட்டை போட்ட .22 ரைபிளை விற்றது. நம் ராணுவத்திலும் எஸ்.எல்.ஆர். வரை மரம், இன்சாஸ் வந்தபோது பிளாஸ்டிக். காரணம் எளிது. மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பிய மரம் குழாயை ஒரு பக்கம் நெருக்கும். நேற்று வைத்த குறி இன்று விலகும். யானைக்கு முன்னால் நிற்பவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பைபர் கட்டைக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று. மலைக்காட்டில் மழையில் நனைபவன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பைபர் என்றுதான் சொல்வேன்.

அதிலும் ஒரு பாதகம் உண்டு. பைபர் கட்டை பெரும்பாலும் எடை குறைவு. எடை குறைந்தால் தோளில் உதை கூடும். .22க்கு அது தெரியாது; .375க்கு நன்றாகத் தெரியும். மரத்தில் பார்க்க வேண்டியது வேறு: பிடியின் வழியே ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே வெட்டினால் அங்கேதான் பிளக்கும். இதை நம்மூர் ஆசாரி எவரும் ஏர்க்கலப்பையை வைத்தே சொல்லிவிடுவார். அதற்காக அவரிடமே துப்பாக்கியைக் கொடுத்துவிட முடியாது. பழுது பார்க்கவும் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும்.

நான் மூத்தவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மரத்தின் குறையெல்லாம் காட்டில்தான். உங்கள் ரைபிள் இனி மழையையே பார்க்கப் போவதில்லை. மலைப் பனியில் இருந்த வால்நட் மரம் மதுரை வெயிலில் காய்ந்து கீறல் விட்டிருக்கும். அதை ஒட்டலாம். சுடப்போகிறவனுக்கு பைபர், வைத்திருக்கப் போகிறவனுக்கு மரம். எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்பதை முதலில் மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள்."

பேசினார்கள். .22 டீலரிடம் போனது. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் கீறலுக்குள் எபாக்ஸி செலுத்தி, உள்ளே ஆணி கொடுத்து இறுக்கினார். வருஷத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டு மரத்தில் தேய்க்கச் சொன்னாராம். அந்த வேலையைத் தங்கை ஏற்றுக்கொண்டார். அண்ணன் வீட்டுக்கு வர அவருக்கு ஒரு சாக்கும் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: பீரோவில் குழாய் கீழேயும் கட்டை மேலேயுமாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இரும்பில் பூசிய எண்ணெய் மெல்ல இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கேட்டதும் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் கட்டைக்கு 'க்ரோஸ்' என்று பெயர். 'க்ரோஸ் ஆன் லேர்', அதாவது கட்டை மேலே என்றால், சிப்பாய்கள் சுடமாட்டோம் என்று துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பது. 1907இல் தெற்குப் பிரான்சில், கிளர்ச்சி செய்த திராட்சை விவசாயிகளுக்கு எதிராக நிற்க மறுத்து, 17ஆவது படைப்பிரிவு செய்த காரியம் அது.

கீழ்ப்பழனி மலையின் அந்த ரைபிளும் இப்போது அப்படித்தான் நிற்கிறது.