மங்கிய விளக்கு

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட வகை. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 1962இல் 'ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். ஆகவே அப்பாவுக்கு இதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான்!

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய மாலை. நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாட்டியை அழைத்துச் செல்ல வேண்டும். இடப்பக்க முகப்பு விளக்கோ மின்மினிபோல் மங்கியது. சென்ற வாரம் வயரிங் பார்த்த அண்ணனின் கடைக்கே போய் அவரைக் கடிந்துகொண்டோம். அவர் பதில் பேசவில்லை.

அப்பா பொறுமையாகச் சோதித்தார். பல்பை மாற்றினார், பயனில்லை. பேட்டரியில் 12 வோல்ட் குறையாமல் இருந்தது. பிறகு ஒரு வயரின் ஒரு முனையை விளக்கின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சுரண்டிய இரும்பிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது! மின்சாரம் திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடலே. திருவிழாவுக்காக அந்த எர்த் வயரைக் கழற்றி, அடியில் பெயின்ட் பூசி மறுபடி முடுக்கியவர்கள் நாங்கள்தான்!

உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம். போகும் வழியில் அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். பிறர் கண்ணின் துரும்பைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்தது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.