தணலும் கோரையும்



“கையிலுள்ள வேலை ஓயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் கைவேலை ஏதேனும் உண்டா? அலமாரியின் அடித்தட்டில் பாதி பின்னிய கூடை ஒன்று கிடக்கலாம். உம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று எண்ணிய ஒரு பலகாரத்தின் பக்குவம் இன்னும் எழுதப்படாமலே இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. அதைத் தேடித்தான் சென்ற ஆண்டு சென்னையிலிருந்து தாமிரபரணிச் சீமைக்குப் போய்வந்தேன். அந்தப் பயணத்தில் கண்டதையும், அங்கிருந்து உங்கள் அடுக்களைக்கும் தையற்பெட்டிக்கும் கொண்டுசெல்லத் தக்கதையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் உம்மா காயல்பட்டினத்தில் பிறந்தவர். பெருநாள்தோறும் அவர் கையால் தம்மடை செய்வார். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து, மேலும் கீழும் நெருப்பிட்டுச் சுடும் இனிப்பு அது. “வா, பக்கத்தில் நின்று பார்” என்று என்னை எத்தனையோ முறை அழைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. திருத்த வேண்டிய விடைத்தாள்களும், குழந்தைகளின் சீருடையும், மறுநாள் சமையலும் எப்போதும் எனக்காகக் காத்திருக்கும். “அடுத்த பெருநாளுக்குப் பார்க்கிறேன் உம்மா” என்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உம்மா மறைந்தார். என் மகளின் நிக்காஹ் உறுதியானபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “உம்மும்மா செய்த மாதிரி தம்மடை செய்து தருவீர்களா?” எனக்கு அளவும் தெரியாது, பக்குவமும் தெரியாது.

காயலில் என் சாச்சி இருக்கிறார். உம்மாவுக்கு நேர் இளையவர், வயது 78. அவரிடம் செல்லும் வழியில், மகளுக்குக் கல்யாணப் பாய் வாங்குவதற்காக முதலில் பத்தமடைக்குப் போனேன்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் பத்தமடை வந்துவிடும். வழியெங்கும் வயலும் வாழையுமாகத் தாமிரபரணியின் கொடை கண்ணுக்குத் தெரியும். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரைப்புல்தான் இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது. பத்தமடைப் பாய் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். தலைமுறை தலைமுறையாக அதனை நெய்து வருவோர் இங்குள்ள லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களிலும் தறியில் அமர்வோர் பெரும்பாலும் பெண்கள்.

நான் சென்ற வீட்டில் கூடத்துத் தரையிலேயே பாவு கட்டியிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் குந்தியமர்ந்து நெய்துகொண்டிருந்தார். “வாங்க ராத்தா, உட்காருங்க” என்று வரவேற்றவர், கையை நிறுத்தாமலே பேசினார். பச்சையாக அறுத்த கோரையைக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்திய பிறகே அது தறிக்கு வருமாம். சாதாரணப் பாய்க்கு இத்தனை பாடு இல்லை. கோரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்ந்தது பாய். கைக்குட்டை போல் மடிக்கத்தக்க நயமான பாய் நெய்து முடிய வாரக்கணக்கில் ஆகும். மணமக்களின் பெயரை நெய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு.

நான் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அவர் நான்கு முறை எழுந்தார். உலையில் அரிசி போட ஒரு முறை, வாசலில் மீன்காரர் குரல் கேட்டு ஒரு முறை, அழுத பேரக்குழந்தையைத் தூக்க இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் விரலை வைத்து, அதே இழையிலிருந்து தொடர்ந்தார். “இடையிடையே எழுந்தால் கணக்குத் தப்பிவிடாதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எழும்பாம நெய்யணும்னா எந்தப் பொம்பளையாலயும் ஒரு பாயும் முடிக்க முடியாது ராத்தா. பாய் எங்கேயும் போயிராது. நாமதான் திரும்பி வரணும்.”

விலையைக் கேட்டதும் என் வாய், பழக்கத்தால், குறைத்துக் கேட்கத் திறந்தது. அவருடைய கட்டைவிரலில் கோரை கீறிய தழும்புகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கைவேலை நமக்குப் பொழுதுபோக்கு; அவருக்கு அதுதான் அடுப்பெரிக்கும் வேலை. இதை நாம் மறக்கலாகாது, சகோதரிகளே. பிளாஸ்டிக் பாயின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது அந்த விரல்களுக்குச் செய்யும் அநீதி.

விடைபெறும்போது, “வீட்டில் பழைய பாய் ஒன்று ஓரம் கிழிந்து கிடக்கிறது” என்றேன். “தூக்கிப் போட்டுராதீங்க” என்று ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பாயில் முதலில் கெடுவது ஓரமே. நடுப்பகுதி உறுதியாகவே இருக்கும். அதை இப்படிப் பயன்படுத்தலாம்:

முதல் நாள்: ஈரத்துணியால் பாயை இலேசாகத் துடையுங்கள். காய்ந்த கோரை ஒடியும். சற்றே நனைந்தால் வளைந்து கொடுக்கும். நல்ல பகுதியில் சாக்குக்கட்டியால் அளவு குறியுங்கள். தட்டின் கீழ் விரிக்க 12 அங்குலத்திற்கு 16 அங்குலம் போதும். குழந்தைக்கு முஸல்லாவாக 2 அடிக்கு 3½ அடி சரியாக இருக்கும். குறித்த கோட்டின் உட்புறமாக இரண்டு வரிசை தையல் போடுங்கள்.

இரண்டாம் நாள்: கோட்டின் மேல் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே தைத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். வெட்டிய பின் தைக்கப் போனால் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

மூன்றாம் நாளிலிருந்து: 3 அங்குல அகலமுள்ள பழைய பருத்திப் புடவைத் துண்டை ஓரத்தில் மடித்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகத் தையுங்கள். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் வேலை முடியும். சிறுமிகள் கோடு கிழிக்கலாம். ஊசியைப் பெரியவர்கள் பிடிக்கலாம்.

மறுநாள் திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டியைப் பிடித்தேன். ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று ஆற்றின் பாசனத்திலேயே வண்டி ஓடுகிறது. ஆறுமுகநேரிப் பக்கம் வந்ததும் பசுமை மறைந்து, உப்பளங்கள் வெள்ளை வெளேரெனக் கண்ணைக் கூசச் செய்கின்றன. அதனை அடுத்தது காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பற்றியும் அரபு நாட்டுக் குதிரை வாணிபத்தைப் பற்றியும் எழுதிவைத்தார். பிற்காலத்தில் இவ்வூர் ஆண்கள் இரத்தினக்கல் வாணிபத்திற்காகக் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் சென்று மாதக்கணக்கில் தங்கினார்கள். மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும், வீடு பெண்மக்களுக்குச் சேர்வதும் இங்குள்ள வழக்கம். வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் போய்வர முடுக்குகள் எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. சிறுவயதில் உம்மாவின் கைப்பிடித்து நான் நடந்த முடுக்கு வழியாகவே சாச்சி வீட்டை அடைந்தேன்.

“தம்மடையா? உன் உம்மா கைப்பக்குவம் எனக்கு வராதே” என்றுதான் சாச்சி தொடங்கினார். பரணில் ஒரு கனத்த செம்புச் சட்டி ஏறியிருந்தது. அதை இறக்கச் சொல்லி, மடியில் வைத்துத் துடைத்தார். கை நடுங்கியது. விறகடுப்பு அந்த வீட்டில் இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

“அந்தக் காலத்தில் உங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்தது சாச்சி” என்று நான் ஆற்றாமையுடன் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நேரமா? எனக்கு ஏழு பிள்ளைகள். உன் சாச்சா கொழும்பில். கிணற்றில் தண்ணீர் இறைத்து, அம்மியில் அரைத்து, ஆட்டுரலில் ஆட்டினோம். நேரம் யாரிடம் இருந்தது? பகல் சோறு வடித்ததும் அடுப்பில் தணல் மிஞ்சும். அதை வீணாக்க மனம் வராது. முன்பே கரைத்து வைத்த ரவையைச் சட்டியில் ஊற்றி, அந்தத் தணலின் மேல் வைத்து, மூடியிலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போட்டுவிட்டுத் தொழப் போவோம். வருவதற்குள் அது வெந்திருக்கும். நாங்கள் தம்மடை சுடவில்லை மகளே, தணல் சுட்டது.”

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. வேலை ஓய்ந்த பின் செய்யும் வேலையாக அவர்கள் இதனை வைத்திருக்கவே இல்லை. வேலைக்கு நடுவே, மிஞ்சிய நெருப்பிலும் மிஞ்சிய பொழுதிலும் முடிவதாகவே அமைத்திருந்தார்கள். பத்தமடைப் பெண்மணி இழையில் விரல் வைத்துத் திரும்பியதும் இதே முறைதான். ஓய்வு வரட்டும் என்று காத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

அன்று மாலை சாச்சி கைப்பிடியால் அள்ளிப் போட்டதை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தால் அளந்து ஏட்டில் எழுதிக்கொண்டேன். விறகடுப்போ மின்னடுப்போ இல்லாத வீட்டிலும் செய்யத்தக்க முறை இது:

ரவை 200 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 4, நெய் 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் அரை தம்ளர், ஏலக்காய் 5, முந்திரி ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. ரவையை நெய்யில் ஒரு கரண்டி விட்டு மணம் வரும் வரை வறுத்து ஆறவிடுங்கள். முட்டையும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, மீதி நெய், தேங்காய்ப்பால், ஏலப்பொடி, உப்பு, ரவை ஆகியவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கனத்த அலுமினியச் சட்டியின் அடியில் காய்ந்த மணலை இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, மூடி, 10 நிமிடம் சூடாக்குங்கள். கலவையை நெய் தடவிய பாத்திரத்தில் பாதியளவு ஊற்றி, முந்திரி தூவி, மணலின் மேல் ஒரு வளையம் வைத்து அதில் இருத்துங்கள். சட்டியை மூடிச் சிறுதீயில் 40 முதல் 45 நிமிடம் விடுங்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். மேலே தணல் இல்லாததால் மேற்புறம் வெளிறியே இருக்கும். ஆறியதும் நெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்தால் சிவந்துவிடும்.

சென்னை திரும்பி நான் செய்த முதல் தம்மடை அடிப்பிடித்தது. தீயைக் குறைக்க மறந்துவிட்டேன். இரண்டாவது சரியாக வந்தது. மகள் ஒரு துண்டை வாயிலிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “உம்மும்மா செய்தது இன்னும் கொஞ்சம் புகை வாசமாக இருக்கும்” என்றாள். உண்மைதான். அந்தத் தணலின் வாசத்தை எந்த ஏட்டிலும் எழுதிக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் நிக்காஹ் நாளில் பத்தமடைப் பாயை விரித்து, அதன் மேல் தட்டை வைத்தபோது, “அளவை எனக்கும் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டவள் அவளேதான்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலோ அடுத்த தெருவிலோ கை நடுங்கும் மூதாட்டி ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரிந்த பலகாரம் ஒன்றும் கைவேலை ஒன்றும் இருக்கும். பெருநாளுக்காகக் காத்திராதீர்கள், விடுமுறை வரட்டும் என்றும் இராதீர்கள். இந்த வாரமே, உலை கொதிக்கும் இடைவெளியில், ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் அமருங்கள்.