ரெண்டு வாண்டு, நாலு பெட்டி, ஒரு வாக்கர்

மக்களே, இதை ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்துல உக்காந்து மொபைல்ல தட்டிட்டிருக்கேன். சின்னவன் (பத்து மாசம்) தள்ளுவண்டியில தூங்கறான். பெரியவள் (நாலு வயசு) கண்ணாடியில மூக்கை அழுத்தி வெளியே நிக்கிற விமானங்களை எண்ணிட்டிருக்கா. பன்னெண்டுக்கு அப்புறம் அவளுக்கு மறுபடி ஒண்ணுதான். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க, ஒரு கை வண்டியை ஆட்டிட்டிருக்கு.

டல்லாஸ்ல இருந்து கிளம்பினது நாங்க மூணு பேர்தான். ரங்கமணி வரலை. சண்டையெல்லாம் இல்லை (அதாவது, இந்த விஷயத்துல இல்லை).

மூணு மாசம் முன்னாடி மாமியார் பாளையங்கோட்டை வீட்டு முற்றத்துல வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் ஆச்சு. வீடியோவுல "எப்படி இருக்கீங்க அத்தை"ன்னு கேட்டா, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், நீ பிள்ளைய இந்தப் பக்கம் திருப்பு"ம்பாங்க. சின்னவனை அவங்க இன்னும் தூக்கினது கிடையாது. ரங்கமணி அவங்களுக்கு ஒரே பையன்.

அவர் ஏன் வரலைன்னா, விசா. இங்க படிக்க வந்து, வேலைக்குச் சேர்ந்து, இங்க இருந்தபடியே எச்-1பி-க்கு மாறினவர். இருக்கறதுக்கும் வேலை பாக்கறதுக்கும் பேப்பர் எல்லாம் பக்கா. ஆனா பாஸ்போர்ட்ல அந்த விசா முத்திரை கிடையாது. வெளிய கால் வெச்சா, தூதரகத்துல நேர்காணல் முடிச்சு முத்திரை குத்தினாத்தான் திரும்ப உள்ள வரமுடியும். 2025 டிசம்பர்ல இப்படி ஊருக்குப் போன நிறைய பேருக்கு அப்பாயின்ட்மென்ட் மாசக்கணக்கா தள்ளிப் போச்சு. சோஷியல் மீடியா கணக்கையெல்லாம் அலசறோம்னுட்டாங்க. அத்தனை மாசம் வராம இருந்தா இவர் ஆபீஸ்ல சீட் இருக்காது. வீட்டுக்கடன் வேற. என் முத்திரை 2027 வரைக்கும் இருக்கு.

ராத்திரி ஒரு மணிக்கு விட்டத்தைப் பாத்துட்டு, "நீ கூட்டிட்டுப் போயிட்டு வர்றியா?"ன்னார். யோசிக்காம சரின்னுட்டேன். கோட் ரிவ்யூலயும் இதே பழக்கம்தான், அப்புறம் அவதிப்படுவேன்.

சின்னவனுக்கு பாஸ்போர்ட்டே இல்லை. பதினாறு வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் நேர்ல போய் நிக்கணும். போட்டோவுக்கு வெள்ளைத் துணி விரிச்சுப் படுக்க வெச்சா, கவுந்து கவுந்து நீச்சல் அடிக்கிறான். நாப்பதாவது போட்டோவுலதான் முகம் நேரா வந்தது, அதுலயும் முழி வருமானவரி ரெய்டுல மாட்டினவன் மாதிரி. அடுத்து ஓ.சி.ஐ. அட்டை. கையெழுத்துக்குப் பதிலா கட்டைவிரல் ரேகை. இங்க் வெச்ச விரலை அவன் நேரா வாய்க்குக் கொண்டு போக, அந்தக் கட்டம் எப்படி நிரம்பிச்சுன்னு கேக்காதீங்க.

தனியா குழந்தைங்களோட போறதால ஒரு சம்மதக் கடிதமும் வேணும்னாங்க. கட்டாயம் இல்லை, ஆனா நோட்டரி முத்திரையோட கையில இருந்தா நல்லது. 'என் குழந்தைகள் அவர்கள் தாயுடன் இந்தியா செல்ல எனக்குச் சம்மதம்'ங்கற மாதிரி நாலு வரி இங்கிலீஷ். பேங்க்ல நோட்டரி அம்மா முன்னாடி உக்காந்து மூணு தடவை படிச்சார். நாலு வரியில படிக்க என்ன இருக்குன்னு நான் மணியைப் பாத்துட்டிருந்தேன். இப்ப யோசிச்சா கொஞ்சம் உறுத்துது.

அப்புறம் பேக்கிங். ரெண்டு டிக்கெட்டுக்கு ஆளுக்கு ரெண்டு, இருபத்திமூணு கிலோ கணக்குல நாலு பெட்டி. தான் ஏறாத விமானத்துக்கு இப்படிப் பெட்டி கட்டின ஆளை நான் பாத்ததில்லை. எக்செல் ஷீட், கையில தூக்கு தராசு. கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு மடக்கற வாக்கரோட வந்து நின்னார்.

"ஏங்க, இதெல்லாம் பாளையங்கோட்டையிலயே கிடைக்குமே. இதை விடக் கம்மி விலைக்கு."

"கிடைக்கும்."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. போகட்டும்."

கால் நாலையும் கழட்டி, சேலைகளுக்கு நடுவுல சொருகினார். எடை இருபத்தஞ்சரை. என் தங்கச்சிக்கு வாங்கின பிஸ்தா, பாதாம், சாக்லேட் எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்தது. எனக்குச் சுர்ருன்னுதான் இருந்தது. ஆனா ஒண்ணும் சொல்லலை (எட்டு வருஷத்துல இது ரெண்டாவது தடவை).

விமான நிலையத்துல செக்யூரிட்டி வரிசை வரைக்கும்தான் அவர் வரமுடியும். பெரியவள் அவர் கையை விடலை. "அப்பாவுக்கு டிக்கெட் வாங்கக் காசு இல்லையா?"ன்னு சத்தமா கேட்டா. முன்னாடி நின்ன தமிழ்க் குடும்பம் சட்டுன்னு திரும்பிப் பாத்துட்டு, கேக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிக்கிச்சு. இவர் குனிஞ்சு, "அப்பா வீட்டைப் பாத்துக்கணும்ல, செடிக்குத் தண்ணி யார் ஊத்துவா?"ன்னார். எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு மணிபிளான்ட்.

குழந்தைக்கான பால், பவுடர் கரைச்ச தண்ணிக்கெல்லாம் நூறு மில்லி கணக்கு கிடையாது, தனியா எடுத்துக் காட்டினாப் போதும். அதையெல்லாம் தட்டுல அடுக்கி முடிச்சுத் திரும்பிப் பாத்தேன். அவர் அங்கேயேதான் நின்னுட்டிருந்தார், காலி டிராலியைப் பிடிச்சுக்கிட்டு.

பத்து மணி நேரப் பயணத்தைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்லை. சுவர்ல மாட்டற தொட்டில் கேட்டு வாங்கியிருந்தேன். அவன் தூங்கினதும் சீட்பெல்ட் விளக்கு எரியும், தொட்டில்ல இருந்து தூக்கி மடியில வெச்சுக்கணும், அழுவான். விளக்கு அணையும், மறுபடி தூங்கப் பண்ணணும். நாலு ரவுண்டு. பெரியவள் ஆரஞ்சு ஜூஸை என் மேல கொட்டினதுல மாத்து டிரஸ் கொண்டு வந்ததுக்கு ரங்கமணி எக்செல் ஷீட்டுக்குத்தான் நன்றி சொல்லணும்.

இப்ப வாட்ஸப் வருது. அங்க ராத்திரி ரெண்டு மணி, மனுஷன் தூங்கலை. முதல்ல, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" அடுத்து, "நீ?" ரெண்டு நிமிஷம் கழிச்சு, "பெட்டி நாலும் சென்னைக்கே டேக் போட்டாங்கல்ல?"

நாலு சீட்டுலயும் எம்.ஏ.ஏ.ன்னுதான் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்.

சின்னவன் முழிச்சிட்டான். பெரியவளுக்கு பாத்ரூம் போகணுமாம், இப்பவே. மீதி நெல்லையில இருந்து.